பேசாத பேரரசரின் பெயரால்: டெர்ராவின் உயர் பிரபுக்கள் அவை குறித்து

1. கேள்வி

விளையாட்டு விதிநூல்களில் அரசியல் சிந்தனையைத் தேடுபவர்கள் குறைவு. 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதி, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000: ரோக் டிரேடர்’ அப்படியொரு விதிநூல். மேசைமேல் சிற்றுருப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டிப் போரிடக் கற்றுத்தருவதே அதன் வேலை. அந்தப் போர்கள் எந்த அரசின் பெயரால் நடக்கின்றன என்று சொல்லப் புகுந்தபோது அது ஓர் ஆட்சி அமைப்பையே வரைந்துவைத்தது. அதன் பின் வந்த பதிப்புகளும் ஏராளமான நாவல்களும் அந்த வரைவை இன்றுவரை நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

அவ்வரைவின்படி, 41ஆம் ஆயிரமாண்டின் இறுதியில் மனித இனம் ஏறத்தாழ பத்து லட்சம் உலகங்களில் பரவிக் கிடக்கிறது. அத்தனைக்கும் ஒரே பேரரசர். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் மகன் ஹோரஸுடன் பொருதிப் படுகாயமடைந்த அவர், டெர்ராவில், அதாவது நம் பூமியில், பொன் அரியணை என்னும் இயந்திரத்தில் அசைவற்று அமர்த்தப்பட்டிருக்கிறார். உடல் பிணம், மனம் உயிரோடிருப்பதாக நம்பிக்கை. அவர் ஆணையிடுவதில்லை. அவர் பெயரால் ஆணையிடுவது பன்னிரண்டு பேர் கொண்ட ஓர் அவை: டெர்ராவின் உயர் பிரபுக்கள். அவையின் முறைப்பெயர் செனட்டோரம் இம்பீரியாலிஸ். பன்னிரண்டு இருக்கைகளில் பெரும் எடை கொண்டது அட்மினிஸ்ட்ராட்டம் என்ற எழுத்தர் துறையின் தலைவருடையது.

திறமையின்மைக்கும் சூழ்ச்சிக்கும் பேர்போன இந்த அவை பத்தாயிரம் ஆண்டுகள் எப்படி நிலைத்தது? புனைவு இதற்குத் தரும் விடை, அதன் வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையைவிட ஆழமானது என்பது என் வாதம்.

2. வழக்கமான இரண்டு வாசிப்புகள்

முதல் வாசிப்பு இதை அங்கதமாகக் காண்கிறது. ஓர் உலகம் அழிந்து நூறாண்டு கழித்து அதற்கு உதவிப்படை அனுப்ப ஒப்புதல் வருகிறது. இல்லாத மக்களுக்கு வரி விதிக்கப்படுகிறது. கோப்புகளைக் காப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பிறந்து மடிகின்றன. அரசு அலுவலக வரிசையில் நின்ற எவருக்கும் இந்தக் கேலி உடனே புரியும். அவை மந்தமானது, ஆகவே பேரரசு அழுகுகிறது என்று இவ்வாசிப்பு முடிக்கிறது.

இரண்டாம் வாசிப்பு வலியவன் ஒருவனுக்காகக் காத்திருக்கிறது. பிரபுக்கள் அற்பர்கள், மேலிருந்து ஒருவன் வந்து அவர்களைத் துடைத்தெறிந்தால் எல்லாம் சீராகும். 2017இல் வெளியான கதைப்பகுதியில் பேரரசரின் மகன்களில் ஒருவரான ரொபூட் கில்லிமன் நெடுந்துயிலிலிருந்து எழுந்து, டெர்ரா திரும்பி, தந்தையின் பிரதிநிதியாக ஆட்சியை ஏற்றபோது இவ்வாசிப்புக்குப் பெரும் ஊக்கம் கிடைத்தது.

கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமே 2021 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்தப் பேரரசு வெறுப்பில் இயங்குவது, அது எச்சரிக்கையாகப் படைக்கப்பட்டதே ஒழியப் போற்றுவதற்கு அன்று என்று விளக்க நேர்ந்தது. வாசகர்களில் ஒரு பகுதியினர் எச்சரிக்கையை இலட்சியமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்த அறிக்கையே சான்று. எனவே இந்த அவையை நிதானமாகப் படிப்பது பொழுதுபோக்கு ஆர்வத்தோடு நிற்கிற காரியமாக எனக்குப் படவில்லை.

இரு வாசிப்புகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் இருக்கையில் அமர்ந்த மனிதர்களைப் பார்க்கின்றன. இருக்கைகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று பார்ப்பதில்லை.

3. முன்னோடிகள்

கோள் முழுவதையும் ஒரே தலைநகராகக் கட்டி, அதை அலுவலர்களால் நிரப்பும் கற்பனை ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நூலில் (1951) ஏற்கெனவே உண்டு. அதன் ட்ரான்டர் கோளில் நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். அந்தக் கோளின் தொழிலே நிர்வாகம். வார்ஹாமரின் டெர்ரா அதன் இருண்ட உறவினர். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) இன்னொரு முன்னோடி. விண்வெளிப் பயணத்தைத் தனியுரிமையாக வைத்திருக்கும் வழிகாட்டிகளின் சங்கம் அங்கிருந்து வந்தது.

ஆனால் வேறுபாடுதான் இங்கே முக்கியம். ‘டியூன்’ பேரரசனுக்கு எதிர்நிற்கும் அவையான லாண்ட்ஸ்ராட் பெருங்குடும்பங்களின் அவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆள ஒரு கோள், காக்க ஒரு படை, காட்ட ஒரு குடிவழி. அது நிலவுடைமையாளர்களின் மன்றம். உயர் பிரபுக்கள் அவையில் ஒரு கோளுக்குக்கூட இருக்கை கிடையாது. பத்து லட்சம் உலகங்களின் ஆளுநர்களில் எவரும் ஆளுநர் என்ற தகுதியில் அங்கே அமர முடியாது. அமர்ந்திருப்பவை துறைகள் மட்டுமே. பிரீஸ்ட்லியும் அவருக்குப் பின் எழுதியவர்களும் நிலப்பிரபுத்துவ அலங்காரத்தை வைத்துக்கொண்டு, நிலப்பிரபுத்துவ உள்ளடக்கத்தை நீக்கிவிட்டார்கள். ‘பிரபு’ என்று விளிக்கப்படுபவர் உண்மையில் ஒரு துறைத்தலைவர்.

4. வாயில்களின் அவை

இருக்கைகளின் பட்டியல் நூலுக்கு நூல் சிறிது மாறுகிறது. சில இருக்கைகள் எப்போதும் உண்டு; சிலவற்றுக்கு யார் வலுத்தாரோ அவர் வருவார், தரைப்படைத் தலைவரோ கடற்படைப் பெயர் தாங்கிய விண்படையின் தலைவரோ. நிலையான இருக்கைகளை வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது.

விண்மீன்களுக்கிடையே கப்பல் போகவேண்டுமானால் ‘வார்ப்’ என்னும் வேற்றுவெளிக்குள் நுழையவேண்டும். அங்கே வழி காண்பவர்கள் நேவிகேட்டர் குடும்பங்களில் பிறந்தவர்கள் மட்டும். அவர்களின் தூதருக்கு ஓர் இருக்கை. அவர்களும் குருடாகாமலிருக்க ஒரு கலங்கரை விளக்கம் வேண்டும். டெர்ராவிலிருந்து மனவாற்றலால் எரியும் அந்த விளக்கம் அஸ்ட்ரோனோமிகன். அதன் தலைவருக்கு ஓர் இருக்கை. உலகத்திலிருந்து உலகத்துக்குச் செய்தி போவது மனத்தொடர்பாளர்கள் வழியே. அவர்களைப் பயிற்றும் துறைத்தலைவருக்கு ஓர் இருக்கை. இயந்திரம் செய்யவும் பழுதுபார்க்கவும் அறிந்தவர்கள் செவ்வாய்க் கோளின் தொழில்நுட்பக் குருமார்கள். அவர்களின் ஃபேப்ரிகேட்டர்-ஜெனரலுக்கு ஒன்று. வழிபாட்டை நடத்தும் எக்கிளிசியார்க்குக்கு ஒன்று. சட்டத்தைக் காக்கும் அர்பிட்டீஸ் தலைமைக்கு ஒன்று. எந்த அதிகாரியையும் விசாரிக்கக்கூடிய இன்குவிசிஷனின் பிரதிநிதிக்கு ஒன்று.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறுகிய வாயிலில் நிற்கிறார்கள். கப்பல், வெளிச்சம், செய்தி, கருவி, நம்பிக்கை, தண்டனை ஆகிய எதுவும் அவ்வாயில்களைத் தாண்டாமல் போகமுடியாது. மதுரைக்குள் நுழையும் சரக்கெல்லாம் ஒரே சுங்கச்சாவடியைக் கடக்கவேண்டுமென்றால், சாவடிக்காரர் நகராட்சித் தேர்தலில் நிற்கத் தேவையில்லை. நகரமே அவரை வந்து பார்க்கும். உயர் பிரபுக்களின் அதிகாரம் இந்த வகையைச் சேர்ந்தது. அவர்கள் பத்து லட்சம் உலகங்களை ஆள்வதாகச் சொல்வது மிகை. ஓர் உலகம் மற்றோர் உலகத்தோடு கொள்ளும் தொடர்பை அவர்கள் ஆள்கிறார்கள். ஆளுநர் தன் கோளில் என்ன செய்தாலும் பேரரசு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வரி கட்டவேண்டும், மனவாற்றலோடு பிறந்தவர்களை ஒப்படைக்கவேண்டும், பேரரசருக்கு உண்மையாயிருக்கவேண்டும்; அவ்வளவே.

இந்தக் கோணத்தில் பார்த்தால் அவையின் மந்தம் குறையாகத் தோன்றவில்லை. வாயில் காப்பவருக்குத் தாமதமே செல்வாக்கு. உடனே திறக்கும் கதவின் காவலரை எவரும் மதிப்பதில்லை. எந்தத் துறையும் தனித்து ஒன்றை முடித்துவிட முடியாதபடி மற்றத் துறைகள் குறுக்கே நிற்பதால், ஒருவர் மற்றவரைத் தின்றுவிடாமல் அவை நிலைக்கிறது. மக்களுக்கு அது பேரழிவு. அவைக்கு அதுவே ஆயுள்.

5. எண்ணும் துறை

அட்மினிஸ்ட்ராட்டம் எந்த வாயிலில் நிற்கிறது? அதனிடம் கப்பல் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை, கடவுள் இல்லை. அதன் கையில் இருப்பது கணக்கு. எந்த உலகம் எவ்வளவு தரவேண்டும் என்பதை அது தரம் பிரிக்கிறது. தரவரிசையின் ஒரு முனையில் தாங்கமுடியாத வரி. மறுமுனையில் ‘ஆப்டஸ் நான்’ என்னும் முழுவிலக்கு, பேரரசின் சிறப்பு வீரர்களான ஸ்பேஸ் மரீன்களின் படைப்பிரிவுகளுக்குரிய தாயக உலகங்களைப் போன்றவற்றுக்கு. போருக்கு ஆளும் தளவாடமும் அனுப்பும் டிபார்ட்மெண்டோ முனிட்டோரமும் இதன் கிளையே. பிற துறைகள் எதை வேண்டினாலும், ‘எங்கே, எவ்வளவு இருக்கிறது?’ என்ற கேள்விக்கு இங்கேதான் வரவேண்டும். மாக்ஸ் வேபர், 1922இல் அவர் மறைவுக்குப்பின் வெளியான ‘பொருளாதாரமும் சமூகமும்’ நூலில், கோப்பறிவு கொண்ட அலுவலர் முன் அரசியல் தலைவர் கற்றுக்குட்டியாகிவிடுகிறார் என்று காட்டினார். அட்மினிஸ்ட்ராட்டத்தின் தலைவர் பதினொரு கற்றுக்குட்டிகளுக்கு நடுவில் அமர்ந்திருக்கிறார்.

இத்துறையின் இயல்பை முழுமையாகக் காட்டும் ஒரு சிறு விவரம் உண்டு. என்னளவில் இந்தப் புனைவுலகின் மிக நுட்பமான கண்டுபிடிப்பு அது. போர்க்காட்சிகளின் ஆரவாரத்தில் பலர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். பேரரசின் தேதி முறை. அதில் ஆயிரமாண்டு, ஆண்டு, ஆண்டின் ஆயிரத்தில் எத்தனையாவது பங்கு என்பவற்றோடு, முன்னால் ஓர் இலக்கம் வருகிறது: அந்தத் தேதியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் சரிபார்ப்பு எண். 0 என்றால் நிகழ்வு டெர்ராவிலேயே நடந்தது. 1 என்றால் சூரியக் குடும்பத்துக்குள். 2 என்றால் நிகழ்ந்தபோது டெர்ராவோடு நேரடி மனத்தொடர்பு இருந்தது. இப்படி ஏறி 9இல் முடிந்தால், தேதி வெறும் மதிப்பீடு.

இதன் வெளிப்படையான காரணம் நியாயமானது. வேற்றுவெளிப் பயணத்தில் காலம் பிசகும். தொலைதூர உலகில் எந்த ஆண்டு என்பது உறுதியில்லை. அதை ஒப்புக்கொள்வது அறிவு நேர்மைதான். ஆனால் அளவுகோல் எந்த முனையிலிருந்து எண்ணுகிறது என்று பாருங்கள். தலைமை அலுவலகத்துக்கு அருகில் நடந்தது உண்மை. தொலைவில் நடந்தது ஐயம். பசியால் ஒரு கோள் செத்தால், செத்தவர்களுக்கு அது நடந்த நாள் தெரியும். பதிவேட்டில் அந்த நாளுக்கு ஒன்பதாம் தரம். நிகழ்வு எப்போது நிகழ்வாகிறது என்று தீர்மானிக்கும் உரிமையே எண்ணும் துறையின் வாயில். கப்பலைத் தடுப்பவரைவிட இவர் வலியவர், ஏனென்றால் தடுக்கப்பட்ட கப்பல் ஒன்று இருந்ததா என்று பதிவதும் இவர்தான்.

6. மௌனத்தின் பயன்

அவையின் எல்லா ஆணைகளும் பேரரசர் பெயரால் வருகின்றன. அவரோ பேசுவதில்லை. பேரவலம் என்று கருதப்படும் இந்த மௌனம், அமைப்பின் அச்சாணி.

எர்ன்ஸ்ட் கான்டோரோவிச் 1957இல் வெளியிட்ட ‘அரசனின் இரு உடல்கள்’ என்ற ஆய்வு, இடைக்கால ஐரோப்பிய அரசுக் கோட்பாட்டில் அரசனுக்கு நோயுற்று மடியும் இயற்கை உடலும், மடியாத அரசியல் உடலும் இருப்பதாகக் கொள்ளப்பட்டதை விரித்துக் காட்டியது. இயற்கை உடல் மடிந்ததும் அரசியல் உடல் வாரிசுக்குப் போகும். பொன் அரியணையில் இந்த மாற்றம் நிகழவே இல்லை. இயற்கை உடல் மடிந்தும் மடியாமல் வைக்கப்பட்டிருக்கிறது. நாள்தோறும் மனவாற்றல் படைத்த ஆயிரம் பேரின் உயிர் அதற்குச் செலவாகிறது. வாரிசு வரமுடியாது, ஏனெனில் அரியணை காலியில்லை. அரசனும் ஆளமுடியாது. இடையில் கிடந்த அரசியல் உடலைத்தான் பன்னிரண்டு பேரும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாற்றில் இதற்கு மங்கலான ஓர் இணை உண்டு. ரஷ்யாவின் முதலாம் பீட்டர் 1711இல், துருக்கியருக்கு எதிரான ப்ரூத் போருக்குப் புறப்படும் முன், தான் இல்லாதபோது ஆட்சி நடத்த ஒன்பது பேர் கொண்ட செனட்டை அமைத்தார். தனக்குக் கீழ்ப்படிவதுபோல் அதற்கும் எல்லோரும் கீழ்ப்படியவேண்டும் என்று விதித்தார். அரசர் திரும்பிவந்தார், செனட் கலையவில்லை. 1722இல் அதைக் கண்காணிக்கத் தலைமை வழக்குநடத்துநர் ஒருவரை நியமித்தார். பல மாற்றங்களோடு அந்நிறுவனம் 1917 வரை நீடித்தது. இல்லாமையை ஈடுகட்டப் பிறந்த அவை, இருப்பிலும் தொடர்ந்தது. ஆனாலும் பீட்டர் திரும்பிவந்து கேள்வி கேட்கக்கூடியவர். கேள்வி கேட்கவே முடியாத அரசர் ஒருவரின் அவை எப்படியிருக்கும் என்பதே வார்ஹாமரின் சிந்தனைச் சோதனை.

புனைவின் உள்வரலாறும் இதோடு ஒத்துப்போகிறது. பேரரசர் நடமாடிய காலத்திலேயே, போர்முனையிலிருந்து டெர்ரா திரும்பி, மால்கடோர் என்ற தன் நம்பிக்கைக்குரியவரோடு டெர்ரா மன்றத்தை அமைத்தார். உலகங்களை வென்றுகொடுத்த மகன்களுக்கு அதில் இடமில்லை. வரி வசூலிக்கும் அலுவலர்களுக்கு இருந்தது. டான் அப்நெட் எழுதிய ‘ஹோரஸ் ரைசிங்’ நாவலில் (2006), புதிதாக வென்ற உலகங்களிடம் உடனே வரி கேட்டு வரும் அதிகாரிகள்மேல் ஹோரஸ் சினக்கிறான். பின்னர் மூளும் உள்நாட்டுப் போரின் காரணங்களில் சாத்தானிய சக்திகளைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். வாள் வைத்திருந்தவர்கள் கணக்குப்பிள்ளைகளுக்குக் கீழே வைக்கப்பட்டதன் ஆத்திரம் அதற்கு முன்பே அங்கே இருந்தது.

7. மூன்று உடைப்புகள்

மூன்று தருணங்களில் அவை உடைகிறது. ஒவ்வொன்றும் என் வாதத்தைச் சோதிக்கப் பயன்படும்.

முதலாவது 32ஆம் ஆயிரமாண்டில் நிகழ்வது. ‘தி பீஸ்ட் அரைசஸ்’ என்ற பன்னிரண்டு நாவல் வரிசை (2015–2016) இதைச் சொல்கிறது. ஓர்க்குகள் என்னும் வேற்றுலக இனத்தின் படையெடுப்பு டெர்ராவையே நெருங்கும்போதும் பிரபுக்கள் இடம்பிடிக்கும் சண்டையில் மூழ்கியிருக்கிறார்கள். ரகசியக் கொலையாளிகள் துறையின் தலைவர் டிராகன் வாங்கோரிச், ஒரு கட்டத்தில் சக பிரபுக்களைத் தீர்த்துக்கட்டிவிட்டுத் தானே ஆள்கிறார். வரிசையின் தொடக்கத்தில் அவர்மீது நமக்கு மதிப்பு வருகிறது. அவையில் கண் திறந்திருப்பவர் அவர் ஒருவரே. வலியவனுக்காகக் காத்திருக்கும் வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைக்கமாட்டான். ஆனால் ஆட்சி அவர் கையில் கொடுங்கோலாக மாறி, ஸ்பேஸ் மரீன்கள் வந்து முடித்துவைக்க நேர்கிறது. பிறகு? இருக்கைகள் மீண்டும் நிரப்பப்படுகின்றன. ஆட்களைக் கொன்றவர் வாயில்களைத் தொடவில்லை.

இரண்டாவது 36ஆம் ஆயிரமாண்டின் கோஜ் வாண்டைர். அட்மினிஸ்ட்ராட்டத்தின் தலைவரான அவர் எக்கிளிசியார்க் பதவியையும் கைப்பற்றினார். கணக்கும் நம்பிக்கையும் ஒரே கையில் சேர்ந்தன. விளைவு ‘குருதியாட்சி’ என்று அப்புனைவில் பெயர்பெற்ற கொடுங்காலம். பெயர் சொல்லியே அச்சுறுத்தும் வெறியராக இவரைச் சித்திரிப்பது வழக்கம். எனக்கு அவர் வெறியைவிட அவர் செய்த கூட்டல்தான் பொருட்படுத்தத்தக்கது. வாயில்கள் தனித்தனியாய் இருக்கும்வரை அவை மந்தமாக இருக்கும். இரண்டு வாயில்கள் சேர்ந்தால் வேகம் வருகிறது, அந்த வேகம் கொல்கிறது. மந்தத்தைக் கேலி செய்யும் முதல் வாசிப்பு இந்த இடத்தில் தடுமாறவேண்டும்.

வாண்டைரைக் கொன்றது அவரது சொந்தப் பெண் காவலர் படையின் தலைவி அலிசியா டொமினிகா. அடுத்து எக்கிளிசியார்க்கான சீர்திருத்தவாதி செபாஸ்டியன் தோரின் காலத்தில், மதத்துறை ஆயுதம் தாங்கிய ‘ஆண்களை’ வைத்திருக்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. அதே பெண் படையை மதத்துறையே வைத்துக்கொண்டது. ஆணையின் எழுத்து காக்கப்பட்டது. தடை விதித்தவர்களுக்கும் அது ஏற்புடையதாகவே இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்: துறைகளுக்கிடையே சமநிலை திரும்பினால் போதும், நோக்கம் நிறைவேறியதா என்று எவரும் கேட்கவில்லை.

மூன்றாவது கில்லிமனின் திரும்புகை. இதை உள்ளிருந்து சொல்வதில் கிறிஸ் ரைட்டின் ‘வாட்சர்ஸ் ஆஃப் த த்ரோன்’ நாவல்கள் (2017, 2020) தனிச்சிறப்பு உடையவை. முதல் நாவலின் கதைசொல்லிகளில் ஒருவரான டியரோன், அவையின் செயலர் பொறுப்பில் இருப்பவர். அரண்மனைக் காவலர்களான கஸ்டோடிகளை டெர்ராவோடு கட்டிப்போட்ட பழைய சட்டத்தைத் தளர்த்துவதற்கு, பன்னிருவரில் யார் எப்பக்கம், யாருக்கு என்ன கொடுத்தால் இசைவார் என்று எண்ணி எண்ணி அவர் அலைகிறார். வாளும் வெடியும் நிறைந்த இலக்கிய வகையில் வாக்குச் சேகரிப்பையே பதற்றத்தின் மையமாக்கியது துணிச்சலான தேர்வு. இரண்டாம் நாவலில், கில்லிமனின் மாற்றங்களால் இடம் இழந்தவர்களும் அஞ்சியவர்களும் ஆறு பேர் அணியாகச் சேர்ந்து அதிகாரத்தைப் பிடிக்க முனைகிறார்கள். அவர்கள் வெறும் வில்லன்கள் அல்லர். பத்தாயிரம் ஆண்டு மௌனத்தில் வளர்ந்த ஓர் ஒழுங்கு, திடீரென்று பேசும் ஒருவர் முன் தன்னைக் காத்துக்கொள்கிறது.

8. எட்டாத இடங்கள்

இப்புனைவுக்குப் போதாமைகளும் உண்டு. உயர் பிரபுக்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அரண்மனைக்குள்ளேயே சுற்றுகின்றன. ஒன்பதாம் தரத் தேதியிட்ட உலகத்திலிருந்து அவை எப்படித் தெரியும் என்பது அரிதாகவே எழுதப்படுகிறது. விற்பனைக்கு உரிய சிற்றுருக்கள் போர்வீரர்களாக இருக்கும்வரை, எழுத்தர் கதையின் ஓரத்திலேயே நிற்பார். மேலும் பேரரசர் உண்மையிலேயே தெய்வ ஆற்றல் கொண்டவர் என்றும், வெளியே காத்திருக்கும் அரக்கர்கள் உண்மையான அரக்கர்கள் என்றும் புனைவு உறுதி சொல்வதால், ‘வேறு வழியில்லை’ என்ற அவையின் தற்காப்புக்கு எழுத்தாளர்களே சாட்சியம் வழங்கிவிடுகிறார்கள். 2021 அறிக்கை தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கில்லிமன் கதையில் ஒரு பகுதி இந்தப் போதாமையைத் தாண்டுகிறது. 2017க்குப் பிந்தைய நூல்களின்படி, பேரரசை இரண்டாகப் பிளந்த பெரும் பிளவுக்குப்பின் காலக்கணக்கே சிதைந்துபோகிறது. எந்த ஆண்டு என்பதில் உலகங்கள் ஒத்துப்போகவில்லை. ஆட்சியை ஏற்ற கில்லிமன் பழைய ஆவணங்களைப் புரட்டுகிறார். முரண்பாடுகள், இடைச்செருகல்கள், துணிந்து அழிக்கப்பட்ட பகுதிகள். பேரரசின் உண்மை வரலாற்றைத் திரட்டுவதற்கென்று ‘லோகோஸ் ஹிஸ்டோரிகா வெரிட்டா’ என்ற அமைப்பை நிறுவி, வரலாற்றாசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிய காப்பகங்களுக்குள் அனுப்புகிறார். பிரபுக்களில் சிலரை மாற்றிய அதே கை இது. இருக்கைக்காரர்களை மாற்றுவது எளிதாக முடிந்தது. நடந்தது எது என்று தீர்மானிக்கும் உரிமையை எண்ணும் துறையிடமிருந்து பிடுங்க அவருக்குத் தெரிந்த வழி, தனக்கு மட்டும் கட்டுப்பட்ட இன்னோர் அலுவலகத்தைத் திறப்பதாக இருந்தது.